சாதிப் பெயரை நீக்கச் சொல்லும் சட்டம் எது?

2025 ஏப்ரல் 11, மகாத்மா ஜோதிராவ் புலேவின் பிறந்த நாள். அன்று வெளிவந்திருக்க வேண்டிய ஆனந்த் மகாதேவனின் ‘புலே’ இந்தித் திரைப்படம், இரு வாரங்கள் கழித்து ஏப்ரல் 25 அன்றே திரைக்கு வந்தது. மகாராஷ்டிரத்தின் பார்ப்பன அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. திரைப்படச் சான்றிதழ் வாரியமோ அதற்கு முன்பே மாற்றங்களைக் கேட்டிருந்தது. ‘மகார்’, ‘மாங்’, ‘பேஷ்வா ஆட்சி’ முதலிய சொற்கள் நீக்கப்பட்டன. மூவாயிரம் ஆண்டு அடிமைத்தனம் என்று வருமிடத்தில் அந்த எண் போயிற்று. துடைப்பத்துடன் ஒருவர் செல்லும் காட்சியும் மாற்றப்பட்டது. பேஷ்வாக்களின் பூனாவில் தீண்டப்படாதோர் இடுப்பில் துடைப்பம் கட்டித் தம் கால்தடத்தைத் தாமே அழித்தபடி நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் எழுதியுள்ளார். நூலில் படிக்கலாம், திரையில் பார்க்கலாகாது போலும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ‘தடக் 2’, மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் இந்தி மறுஆக்கம். அதில் 16 மாற்றங்கள். அங்கும் சாதிப் பெயர்கள் ஒலியிழந்தன. அங்கும் மூவாயிரம் ஆண்டுக் கணக்கு மங்கலாக்கப்பட்டது.

இதற்கு வாரியம் எதைச் சார்ந்து நிற்கிறது? 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் 5பி பிரிவும், அதன்கீழ் 1991இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களும் உள்ளன. இன, மத, பிற பிரிவினரை இழிவுபடுத்தும் காட்சிகளும் சொற்களும் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. நம்மைக் காக்க வந்த விதி என்றே முதலில் எண்ணத் தோன்றும். ஆனால், இழிவுபடுத்துவது வேறு. இழிவுபடுத்தப்பட்டதைக் காட்டுவது வேறு. படத்தை முழுமையாகக் கொண்டே மதிப்பிட வேண்டுமென அதே வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சாதிப் பெயரை உச்சரிப்பதையே குற்றமாக்கவில்லை. பொதுவெளியில் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லி ஏசுவதைத்தான் 3(1)(எஸ்) பிரிவு தண்டிக்கிறது. ஏசிய சொல்லை முதல் தகவல் அறிக்கையில் அப்படியே பதியுங்கள் என்று காவல் நிலையங்களில் நாம் மன்றாடுகிறோம். அச்சொல் இல்லையெனில் வழக்கே நலிந்துவிடும். நீதிமன்றத்தில் சான்றாக வேண்டப்படும் அதே சொல், திரையரங்கில் மட்டும் எப்படி அபாயமாகிறது?

‘ஒரே ஒரு கிராமத்திலே’ சாதிவழி இடஒதுக்கீட்டை விமர்சித்த தமிழ்ப்படம். அதன் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, எஸ். ரங்கராஜன் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் அதனை மீட்டளித்தது. போராட்டத்துக்கோ வன்முறை மிரட்டலுக்கோ அஞ்சிக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது, கருத்துக்கும் தீங்குக்கும் நேரடியான, நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்தப் படம் நமக்கு உவப்பானதன்று. எனினும் அங்கே சட்டம் சரியாகவே சொல்லப்பட்டது. இடஒதுக்கீட்டை எதிர்த்த படத்துக்குக் கிடைத்த அளவுகோல், புலேவைப் பற்றிய படத்துக்கும் உரியதே.

புலே இணையரின் பள்ளியில் படித்த மாங் சமூகச் சிறுமி முக்தா சால்வே, 1855இல் தம் மக்களின் துயரம் குறித்துக் கட்டுரை எழுதினார். இன்று நீக்கப்பட்ட இரு சாதிப் பெயர்களும் அதன் தலைப்பிலேயே உள்ளன.

திரைத்துறையினர் ஏன் வழக்காடுவதில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டது. இப்போது உயர் நீதிமன்றத்தையே நாட வேண்டும். மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. வெளியீட்டுக்கு ஒரு வாரமே இருக்கையில், கடனுக்கு வட்டி கட்டும் தயாரிப்பாளருக்கு அதனால் என்ன பயன்? ஆகவே வெட்டுகளை ‘ஒப்புக்கொண்டு’ சான்றிதழ் பெறுகிறார். ஒப்புக்கொண்ட பின் வழக்காடுவது கடினம். கல்லூரிகளில் இப்படங்களைத் திரையிடுவோர், நீக்கப்பட்டவை எவை என்பதைத் திரையிடலுக்கு முன் வாசித்துக் காட்டலாம். அதற்கு எவருடைய சான்றிதழும் தேவையில்லை.