பொறியில் பிறக்கும் பண்

நுழையும்முன்

கருவிகள் காலந்தோறும் மாறுகின்றன. யாழ் வழங்கிய நாட்டில் பின்னாளில் வயலின் வேரூன்றியது. இன்று மின்னாற்றலால் ஒலிக்கும் கருவிகள் மேடையிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் இடம்பெற்றுள்ளன, கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டன. ஒரு பொத்தானைத் தொட்டால் ஒலி பிறக்கிறது. ஆனால், அவ்வொலி எப்போது இசையாகிறது? தமிழ் இலக்கணம் கற்ற செவிக்கு இவ்வினாவின் விடை அத்துணைத் தொலைவில் இல்லை.

இரண்டு ஒலிகள்

வடக்கே கல்வராயன் மலைத்தொடர் எழுந்து நிற்க, அதன் தெற்கே அமைந்த ஊர் சின்னசேலம். சேலத்தையும் விருத்தாசலத்தையும் இணைக்கும் இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்கிறது. தொடர்வண்டி கடந்து செல்லும்போது சக்கரங்கள் எழுப்பும் தடதடப்பு ஒரே அளவில் திரும்பத் திரும்ப ஒலிக்கும். திருவிழா நாளில் கோயில் வீதியிலிருந்து எழும் நாகசுர ஒலியோ அத்தகையதன்று. அது வளையும், நெளியும், ஓரிடத்தில் நின்று ஏங்கும், மூச்சு வாங்கி மீண்டும் எழும்.

மின்னிசையின் இரு கூறுகளையும் இவ்விரண்டு ஒலிகளைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். சில சுரங்களைக் குறித்த காலஅளவில் அடுக்கி, மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்வது ஒலித்தொடர். இதனை இசைக்கலைஞர்கள் ‘சீக்வென்ஸ்’ என்பர். அதன்மீது மிதந்து, கேட்பவரின் கவனத்தைத் தன்பால் ஈர்க்கும் தனி இசைவரி முதன்மைக்குரல். இதனை ‘லீட்’ என்பர். தொடர் நடக்கிறது, குரல் பேசுகிறது. நடையில் சலிப்பும் பேச்சில் வெறுமையும் தோன்றாமல் காப்பதே மின்னிசை அமைப்பவரின் முதற்பணி.

ஒலி பிறக்கும் முறை

மின்னிசையின் தாய்க்கருவி ‘சின்தசைசர்’. தமிழில் இதனை ஒலியாக்கி எனலாம். அமெரிக்கப் பொறியாளர் இராபர்ட் மூக் 1964ஆம் ஆண்டில் உருவாக்கிய ஒலியாக்கி இத்துறையில் திருப்புமுனையாக அமைந்தது. 1969ஆம் ஆண்டில் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் ஒலியாக்கியுடன் கூடிய மின்னிசைக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. உலக நாடுகள் பலவற்றுக்கும் இக்கருவி புதிதாயிருந்த காலத்திலேயே இந்தியக் கலைஞர்கள் இதனைக் கையாளத் தொடங்கிவிட்டனர்.

ஒலியாக்கியின் உள்ளே மூன்று பணிகள் நிகழ்கின்றன. முதலாவது, அலையியற்றி ஒலிக்குரிய மின்னலையைத் தோற்றுவிக்கிறது. சைன் அலை குழலோசைபோல் மென்மையாக ஒலிக்கும். இரம்பப்பல் வடிவ அலையில் மேற்சுரங்கள் மிகுதி. ஆதலால் அதன் ஒலி கூர்மையாக இருக்கும். இரண்டாவது, வடிகட்டி வேண்டாத மேற்சுரங்களை நீக்கி ஒலியைச் செதுக்குகிறது. மூன்றாவது, ஒலியின் எழுச்சி, தணிவு, நிலைப்பு, ஓய்வு ஆகிய நான்கு நிலைகளும் நெறிப்படுத்தப்படுகின்றன. தவிலில் விழும் அடி உடனே எழுந்து உடனே தேய்கிறது. குழலின் ஒலி மெல்ல எழுந்து ஊதும்வரை நிற்கிறது. இவ்வேறுபாட்டை ஒலியாக்கியிலும் அமைக்க இயலும்.

புதிதாகப் பயில்வோர் பலர் இம்மூன்றனுள்ளேயே நின்றுவிடுகின்றனர். அழகிய ஒலியொன்றைத் தேடுவதில் நாள்கள் கழிகின்றன. நல்ல ஒலி நல்ல எழுத்துருவைப் போன்றது. எழுத்துரு அழகாக இருப்பதனால் மட்டும் எழுதப்பட்டது கவிதையாகிவிடாது.

ஆர்மோனியம் கற்பித்த பாடம்

அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் ஆர்மோனியத்திற்குத் தடை விதித்தது. அத்தடை 1971ஆம் ஆண்டில்தான் தளர்த்தப்பட்டது. நாடகமேடையிலும் வீடுகளிலும் செல்வாக்குடன் விளங்கிய கருவியை வானொலி விலக்கியதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. ஆர்மோனியத்தின் ஒவ்வொரு கட்டையும் ஒரே சுரத்தை மட்டும் ஒலிக்கும். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையில் வெற்றிடமே உண்டு. நம் இசையின் உயிரோ அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சுரங்களை அசைத்தும் இழைத்தும் ஒலிக்கும் அம்முறையே கமகம் எனப்படுகிறது.

கட்டைகளைக் கொண்ட ஒலியாக்கிக்கும் இதே குறை உண்டு. ஆனால், ஆர்மோனியத்திற்கு இல்லாத ஒரு வாய்ப்பு இதற்கு உள்ளது. 1970ஆம் ஆண்டில் வெளிவந்த மினிமூக் என்னும் ஒலியாக்கியில், கட்டைகளின் இடப்புறத்தில் ஒரு சிறு சக்கரம் அமைக்கப்பட்டது. வலக்கை கட்டையை அழுத்தியிருக்க, இடக்கை இச்சுருதிச் சக்கரத்தைத் தள்ளினால் சுரம் மேலோ கீழோ வளையும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் சறுக்கல் அமைப்பும் அதில் இருந்தது. தடை விதிக்கப்பட்ட கருவியின் குறையைப் பொறியியல் இவ்வாறு நிறைவு செய்தது. எனினும், சக்கரத்தை எப்போது தள்ளுவது, எவ்வளவு தள்ளுவது என்பதைப் பொறி அறியாது; அதனைக் கலைஞரே அறிதல் வேண்டும்.

சுரங்களின் புணர்ச்சி

‘பொன்’, ‘குடம்’ ஆகிய இரு சொற்களும் சேரும்போது ‘பொற்குடம்’ என்றாகிறது. நிலைமொழியின் இறுதி எழுத்து, வருமொழியின் வரவை உணர்ந்து திரிகிறது. ‘வாழை’யும் ‘மரமு’ம் சேரும்போது எம்மாற்றமும் நிகழ்வதில்லை. முன்னது விகாரப் புணர்ச்சி. பின்னது இயல்பு புணர்ச்சி. இரண்டும் மொழிக்குத் தேவை.

முதன்மைக்குரலை அமைப்பதும் ஒருவகைப் புணர்ச்சி இலக்கணமே. ஒரு சுரம் அடுத்த சுரத்தை நோக்கி எவ்வாறு செல்கிறது என்பதே அதன் அழகை முடிவுசெய்கிறது. அடுத்த சுரத்தைச் சற்றுக் கீழிருந்து தொட்டு ஏறலாம். மேலிருந்து வழுக்கி இறங்கலாம். நேராகவும் சென்று நிற்கலாம். கர்நாடக இசையில் ச, ப ஆகிய இரண்டும் அசையாச் சுரங்கள். ஏனைய சுரங்கள் இராகத்தின் இயல்புக்கேற்ப அசைவு பெறும். எல்லாச் சுரங்களையும் வளைத்தால் குழப்பமே மிஞ்சும். எதனையும் வளைக்காவிட்டால் குரல் மரத்துப்போகும். நிற்கும் சுரங்கள் இருப்பதால்தான் அசையும் சுரங்களின் அழகு தெரிகிறது.

அசைவு தொடங்கும் நேரமும் முதன்மையானது. கட்டையைத் தொட்டவுடன் நடுங்கத் தொடங்கும் சுரம் பொறியின் குரலாகவே ஒலிக்கும். தேர்ந்த பாடகர் நீண்ட சுரமொன்றைப் பலவிடங்களில் முதலில் நேராகப் பிடித்து, பின்னரே மெல்ல அசைக்கிறார். ஒலியாக்கியிலும் அவ்வசைவைச் சற்றுத் தாமதித்துத் தொடங்கச் செய்தால் குரலில் மனிதத்தன்மை கூடுகிறது. விரலின் அழுத்தத்திற்கேற்ப ஒலியின் வன்மையையும் கூர்மையையும் மாற்றும் வசதியும் இதற்குத் துணைசெய்யும்.

மூச்சும் மௌனமும்

நாகசுரக் கலைஞருக்கு மூச்சு தேவை. ஒலியாக்கிக்கு மூச்சு வாங்கும் தேவையே இல்லை. அது விடியும்வரை ஓய்வின்றி ஒலிக்க வல்லது. இவ்வலிமையே அதன் குறையாகவும் மாறுகிறது. நிறுத்தற்குறியே இல்லாத பத்தியைப் படிப்பவர் களைத்துப்போவதுபோல், இடைவெளியில்லாத இசையைக் கேட்பவரும் களைத்துப்போகிறார்.

இதற்கு எளிய வழியொன்று உண்டு. அமைத்த இசைவரியை முதலில் வாயால் பாடிப் பார்த்தல் வேண்டும். எங்கே மூச்சு வாங்க நேர்கிறதோ அங்கே ஒலியாக்கிக்கும் ஓய்வு தருதல் வேண்டும். பாட முடியாத நீளமுடைய தொடரை இரண்டாகப் பிரிக்கலாம். முதற்பகுதி வினாவாகவும், இரண்டாம் பகுதி விடையாகவும் அமையின் கேட்பவர் மனம் அதனைப் பின்தொடரும். விடைக்கு முன் நிலவும் சிறு மௌனத்தில்தான் எதிர்பார்ப்பு பிறக்கிறது.

எதுகை போன்றதோர் ஒலித்தொடர்

முதன்மைக்குரலுக்குப் புணர்ச்சி வழிகாட்டுவதுபோல் ஒலித்தொடருக்கு எதுகை வழிகாட்டுகிறது. எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றிவர, ஏனைய எழுத்துகள் மாறுகின்றன. எல்லா எழுத்துகளும் ஒன்றாயின் அது வெறும் கூறியது கூறல். எவையும் ஒன்றாவிடின் தொடையே இல்லை. ஒன்றை நிலைநிறுத்தி மற்றொன்றை மாற்றுவதே திரும்பவரும் ஒலியைச் சுவையாக்கும் நெறி.

இதனை ஒலித்தொடரில் பல வகையாகக் கையாளலாம். சுரங்களை மாற்றாமல் அழுத்தம் விழும் இடத்தை மட்டும் மாற்றலாம். தாளத்தை மாற்றாமல் ஒரு சுரத்தை நீக்கி, அவ்விடத்தை வெறுமையாக விடலாம். சுரமும் தாளமும் அவ்வாறே நிற்க, வடிகட்டியை மெல்லத் திறந்து ஒலியின் நிறத்தை மட்டும் மாற்றலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும்.

கணக்கின் துணையால் அமையும் மாற்றம் இன்னும் நுட்பமானது. எட்டு எண்ணிக்கை கொண்ட தாளச் சுழற்சியில், மோகன இராகத்தின் ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களை எண்ணிக்கைக்கு ஒன்றாக இடைவிடாமல் ஒலிக்கச் செய்வதாகக் கொள்வோம். முதல்முறை ‘ச’ முதலாம் எண்ணிக்கையில் விழும். அடுத்த முறை ஆறில் விழும். அதன்பின் முறையே மூன்று, எட்டு, ஐந்து, இரண்டு, ஏழு, நான்கு ஆகிய இடங்களில் விழுந்து, ஒன்பதாம் முறை மீண்டும் முதலாம் எண்ணிக்கையை அடையும். அதாவது, ஐந்து சுரத்தொடர் எட்டு முறை ஒலித்து, 40 எண்ணிக்கை முடிந்த பின்னரே தொடரும் தாளமும் ஒருசேரத் தொடங்கும். அதற்குள் ‘ச’ தாளத்தின் எட்டு இடங்களையும் ஒருமுறை தொட்டுவிடுகிறது. சுரங்களுள் ஒன்றுகூட மாறவில்லை. ஆயினும் ஒவ்வொரு சுற்றும் புதிதாகக் கேட்கிறது. தவில், மிருதங்கக் கலைஞர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் கணக்கு இவ்வகையைச் சார்ந்ததே. தாளத்தைக் கையால் போட்டுப் பழகிய மாணவருக்கு ‘சீக்வென்சர்’ கருவியின் கட்டங்கள் புதியன அல்ல.

தெரியுமா?

மும்பைத் திரையிசைக் கலைஞரான சரண்ஜித் சிங், 1982ஆம் ஆண்டில் பத்து இராகங்களை மின்னிசையில் அமைத்து ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். மோகனத்திற்கு இணையான இந்துஸ்தானி இராகம் பூபாளியும் அவற்றுள் ஒன்று. அடித்தொனித் துணைக்கென ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் உருவாக்கிய டிபி-303 என்னும் சிறு கருவியை அவர் பயன்படுத்தினார். சுரங்களுக்கிடையே வழுக்கிச் செல்லும் வசதி அக்கருவியில் இருந்தது. அக்காலத்தில் அவ்விசைத்தட்டு பெரிதும் கவனிக்கப்படவில்லை. அதே கருவியைக் கொண்டு சிகாகோ நகரக் கலைஞர்கள் 1987ஆம் ஆண்டில் புதியதொரு நடன இசை வகையைத் தோற்றுவித்தனர். 2010ஆம் ஆண்டில் மறுவெளியீடு பெற்ற பின்னரே சரண்ஜித் சிங்கின் படைப்பை உலகம் வியந்து நோக்கியது.

தமிழ்த் திரையிசையில்

தமிழ்த் திரையிசை இப்புதுமையை விரைந்து ஏற்றுக்கொண்டது. 1986ஆம் ஆண்டில் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ திரைப்படத்தில் இளையராஜா கணினிவழி ஒலித்தொடர்களைப் பயன்படுத்தினார். இளம்வயதிலேயே பல இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்த ஏ.ஆர். ரகுமான், 1989ஆம் ஆண்டில் சென்னையில் தமக்கென ஒலிப்பதிவுக்கூடம் அமைத்துக்கொண்டார். 1992ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரோஜா’ திரைப்படம் அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. பின்னாளில் அவர் ‘கன்டினுவம்’ என்னும் கருவியைக் கையாண்டார். அதில் தனித்தனிக் கட்டைகள் இல்லை. விரல் வழுக்கிச் செல்லத்தக்க ஒரே பரப்பு மட்டுமே உண்டு. 2009ஆம் ஆண்டின் ‘டெல்லி-6’ என்னும் இந்தித் திரைப்படப் பாடல் ஒன்றில் அதன் ஒலியைக் கேட்கலாம். கட்டைகளுக்கிடையே வெற்றிடம் என்னும் பழைய குறை, கட்டைகளையே நீக்கியதால் தீர்ந்தது.

இதற்கு முன்னோடியாக ஒரு வரலாறும் உண்டு. மேலைநாட்டிலிருந்து வந்த வயலினைப் பாலுசாமி தீட்சிதர் கர்நாடக இசைக்கு உரியதாக்கினார். மின்மாண்டலினை உ. ஸ்ரீநிவாஸ் கமகம் பேசச் செய்தார். கருவி அயலதாயினும் அதனை இயக்கும் செவி நம்முடையதாயின் பிறக்கும் இசையும் நம்முடையதே.

செவியே முதற்கருவி

இன்று ஆயத்த ஒலித்தொடர்கள் எங்கும் கிடைக்கின்றன. நாகசுரத்தின் ஒலியையும் பதிவுசெய்து கட்டைகளில் ஏற்றிவிடலாம். ஆனால், ஒலியை மட்டும் ஏற்றினால் நாகசுரம் வந்துவிடாது. அதன் மூச்சும் வளைவும் காத்திருப்பும் உடன் வருதல் வேண்டும். அவற்றைக் கேட்டறியாத செவி, அவை இல்லாத குறையையும் உணராது. வீதியில் நாகசுரம் ஒலிப்பது நின்றுபோகுமாயின், பொறிக்குக் கற்பிக்க வேண்டிய ஆசிரியரை நாம் இழந்தவராவோம்.

எனவே, சின்னசேலத்தில் கைப்பேசியில் இசையமைக்க விரும்பும் மாணவர் பெருநகருக்கு ஓடி விலையுயர்ந்த கருவியைத் தேட வேண்டுவதில்லை. அவருக்கு வேண்டிய ஒலித்தொடர் இருப்புப்பாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதன்மைக்குரல் கோயில் வீதியில் எழுந்துகொண்டிருக்கிறது. நின்று கேட்பதே அவர் செய்ய வேண்டிய முதற்பணி.

கற்பவை கற்றபின்

1. எட்டு எண்ணிக்கைத் தாளத்தைக் கையால் போட்டுக்கொண்டு, ஐந்து சுரத்தொடரை இடைவிடாது பாடிப் பாருங்கள். தொடரும் தாளமும் ஒருசேரத் தொடங்கும் இடத்தை வகுப்பில் கண்டறிக.

2. உங்கள் ஊரில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஓசைகள் மூன்றையும், வளைந்தும் நீண்டும் ஒலிக்கும் ஓசைகள் மூன்றையும் கேட்டுப் பட்டியலிடுக.

3. உங்கள் பகுதி நாகசுரக் கலைஞர் அல்லது தவில் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, மூச்சும் கணக்கும் குறித்து அவர் கூறுவனவற்றைக் கட்டுரையாக்குக.