பணத்தின் பாதை – 7: பட்டறைக்கு வந்த அட்வான்ஸ்

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களுக்குப் போகிற வழியெல்லாம் உளிச் சத்தம்தான். இந்தக் கற்சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெரிய சிலைக்கு ஆர்டர் என்றால், அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகுதான் கல்லில் உளி வைப்பார்கள். முன்பு செக்காகவும் டிராஃப்டாகவும் வந்த அட்வான்ஸ் இப்போது நேராகக் கணக்கில் விழுகிறது.

ஈரோட்டுத் திருப்பணிக் குழு ஒன்று நந்தி சிலைக்கு மூன்று லட்சம் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஆர்டிஜிஎஸ் வழியாக அனுப்பலாம். 2004-இல் தொடங்கியது, 2020 டிசம்பர் 14 முதல் ராப்பகலாக, விடுமுறை இல்லாமல் ஓடுகிறது. இதற்காக ஒரு நோட்டுக்கட்டும் வண்டி ஏறுவதில்லை. வங்கிகள் ரிசர்வ் வங்கியில் கணக்கு வைத்திருக்கின்றன. அங்கே அனுப்பும் வங்கியின் கணக்கில் மூன்று லட்சம் பற்று, பெறும் வங்கியின் கணக்கில் மூன்று லட்சம் வரவு. தகவல் கிடைத்த அரை மணி நேரத்துக்குள் பட்டறைக்காரர் கணக்கில் பணம் ஏறிவிட வேண்டும் என்பது விதி. இன்னொரு வழியான நெஃப்ட் என்றால் அரை மணிக்கொரு தொகுப்பாகப் போகும், நாளுக்கு 48 தொகுப்பு.

ஆக, ஊர் விட்டு ஊர் போவது தகவல் மட்டுமே. அதனால்தான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். படிவத்தில் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி மூன்றையும் கேட்கிறார்கள். ஐஎஃப்எஸ்சியில் முதல் நான்கு எழுத்து வங்கி, ஐந்தாவது பூஜ்யம், மீதி ஆறு கிளை. ஆனால் வரவு வைக்கும்போது பார்ப்பது கணக்கு எண்ணை மட்டும்தான். ஸ்தபதியின் பெயரை அட்சர சுத்தமாக எழுதிவிட்டு எண்ணில் ஓர் இலக்கம் பிசகி, அது இன்னொருவரின் கணக்காக அமைந்துவிட்டால் பணம் அவருக்கே போய்ச் சேரும். திரும்ப வாங்க அவருடைய சம்மதம் வேண்டும்.

கணக்கு எண்ணைப் போட்டதும் உரியவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டிலும் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இருபது வருஷம் முன்பே வந்திருக்க வேண்டிய வசதி இது. திரையில் வரும் பெயரை நிதானமாகப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

வெளிநாட்டுக் கோயிலிலிருந்து ஆர்டர் வந்தால் பாதை நீளும். அங்கே தகவலைச் சுமப்பது ஸ்விஃப்ட். 1973-இல் பெல்ஜியத்தில் வங்கிகள் சேர்ந்து உருவாக்கிய கூட்டுறவு அமைப்பு. இரண்டு வங்கிகளுக்குள் நேரடிக் கணக்கு இல்லையென்றால் இடையில் வேறு வங்கிகள் வரும். அவை தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். பேசிய தொகை முழுசாக வராததற்குப் பல நேரம் இதுவே காரணம். கட்டணம் யார் தலையில் என்பதைச் சொல்ல, அந்தத் தகவலில் மூன்றெழுத்துக் குறி ஒன்று உண்டு. ‘அவர்’ (OUR) என்றால் அனுப்புபவர், ‘பென்’ (BEN) என்றால் பெறுபவர், ‘ஷா’ (SHA) என்றால் இருவரும். குறியைப் போடுவது அனுப்புபவர் பக்கம். ஆகவே சிலையின் உயரத்தையும் விலையையும் எழுதும் கொட்டேஷனிலேயே, வங்கிக் கட்டணம் வாங்குபவருடையது என்றும் ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.

(தொடரும்)