புல்லைப் பிடித்த காமிரா

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

நம் மாவட்டத்தில் நடுகற்களுக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கரையிலும் மாந்தோப்பின் ஓரத்திலும் நிற்கின்றன. ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைச் சுற்றுச்சுவரை ஒட்டியும் நிற்கின்றன. சென்ற ஆண்டு எங்கள் ஊருக்கு அருகே புதரில் சாய்ந்து கிடந்த ஒரு கல்லைச் செல்போனில் படம் பிடித்தேன். சிறு திரையில் தெளிவாகவே தெரிந்தது. வரலாற்றுத் துறைப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ எடுத்தது புல்லின் படம், கல்லின் படமன்று" என்றார். கல்லுக்கு ஓரடி முன்னால் நின்ற கோரைப்புல் நுனிவரை துல்லியமாக இருந்தது. வீரனின் தலைக்கு மேலிருந்த மூன்று வரி எழுத்தோ பஞ்சுபோல் கலங்கியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து மீண்டும் போனேன். கல்லை நிமிர்த்தி நட்டு, மேடை கட்டி, அடிமுதல் முடிவரை மஞ்சள் பெயிண்டு பூசியிருந்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, அது அவர்கள் சாமி. எழுத்துகள் மட்டும் பெயிண்டுக்குள் போய்விட்டன. தானே குவிக்கும் காமிரா அன்று ஏன் புல்லைத் தேர்ந்தது என்று அதன்பின் தேடித் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

ஆய்வகத்தில் கம்பிவலையின் பிம்பத்தைத் தேடித் திரையை முன்னும் பின்னும் நகர்த்தினோம் அல்லவா? காமிரா செய்வதும் அதுதான். 50 மி.மீ. குவியத்தூரமுள்ள லென்சில் தொலைதூர மலையின் பிம்பம் 50 மி.மீ. பின்னால் விழும். 10 மீட்டரில் நிற்பவருக்கு 50.25 மி.மீ.; 2 மீட்டரில் நிற்பவருக்கு 51.28 மி.மீ. மலையிலிருந்து மனிதனுக்கு வர ஒன்றேகால் மில்லிமீட்டர் நகர்வே போதும். செல்போனின் லென்சு இன்னும் சிறியது. அதன் நகர்வும் இன்னும் நுண்ணியது.

இந்த நகர்வை முன்னாளில் கையே செய்தது. நம் தமிழகத்து இயற்கையாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளை இணைத்துத் தாமே ஒரு கருவி அமைத்து, அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டிருந்தார். காட்டு யானைகளைக் கருப்பு வெள்ளையில் பிடித்த அவருக்குக் கண்ணும் விரலுமே குவிக்கும் பொறி. 1977-இல் கோனிகா சி35 ஏ.எஃப். என்ற தானே குவிக்கும் காமிரா சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டு போலராய்டு நிறுவனம் வௌவாலின் வழியைப் பின்பற்றியது: கேளா ஒலியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தால் தூரத்தை அளந்தது. நல்ல யோசனைதான், ஆனால் சன்னல் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதைப் படம் பிடிக்கப் போனால் ஒலி கண்ணாடியிலேயே மோதித் திரும்பிவிடும்! 1985-இல் மினோல்டா 7000 வந்தபின் பெரிய காமிராக்களிலும் இம்முறை வேரூன்றியது. காப்புரிமை வழக்கில் அந்நிறுவனம் 1992-இல் ஹனிவெல்லுக்குப் பன்னிரண்டே முக்கால் கோடி டாலர் தர நேர்ந்தது தனிக்கதை.

இன்று இரு முறைகள் முக்கியமானவை. ஒன்று, கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பது. பிம்பம் தெளிந்தால் வேறுபாடு கூடும். ஆனால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பது இதற்கு முன்கூட்டித் தெரியாது. உச்சத்தைத் தாண்டிப் போய்த்தான் திரும்பி வரும். படம் ஒருகணம் கலங்கித் தெளிவது அதனால்தான். மற்றொன்று, லென்சின் இடப்பாதி காண்பதையும் வலப்பாதி காண்பதையும் ஒப்பிடுவது. ஒரு விரலை நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள்; விரல் இடம் மாறும். அதுபோல் இரு பிம்பங்களும் எவ்வளவு விலகியுள்ளன என்று அளந்தால், திசையும் தூரமும் ஒருசேரத் தெரிந்துவிடும்.

இரண்டுக்குமே பற்றிக்கொள்ள ஒரு விளிம்பு வேண்டும். நிழலில் கிடந்த சாம்பல்நிறக் கல்லில் அது இல்லை. வெயில்பட்ட புல்லில் இருந்தது. போதாததற்கு, நாம் இடம் குறிக்காவிட்டால் அருகிலுள்ள பொருளையே பெரும்பாலும் காமிரா நாடும். ஆகவே திரையில் கல்லின்மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்ட வேண்டும். அதுவும் தடுமாறினால், அதே தூரத்திலுள்ள கல்லின் விளிம்பில் பூட்டிவிட்டு எழுத்துக்குத் திரும்பலாம். (புல்லைக் கையால் விலக்கியிருந்தாலே போதும் என்று என் தங்கை சொன்னாள்.) காலைச் சாய்வெயிலில் எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழும், காமிராவுக்கும் விளிம்பு கிடைக்கும், படிப்பவருக்கும் எழுத்து கிடைக்கும்.

கை நடுங்கிக் கலங்குவது வேறு நோய். அதற்குக் குவியம் பொறுப்பன்று. போனைப் புத்தகப்பையின் மேல் சாய்த்து, இரண்டு விநாடி கழித்து எடுக்கும்படி வைத்தால் தீரும்.

எருது விடும் விழாவில் நிலைமை நேர்மாறு. கல் ஓடாது, காளை ஓடும். விநாடிக்கு 10 மீட்டர் என்று கொண்டால், 1/60 விநாடியில் அது ஏறத்தாழ 17 செ.மீ. கடந்துவிடும்; 1/1000 விநாடியில் 1 செ.மீ. தான். எதிரே வரும் காளையைக் குவித்துப் படமெடுக்க அரை விநாடி பிடித்தால், அதற்குள் அது 5 மீட்டர் நெருங்கியிருக்கும். எனவே காளை கடக்கப்போகும் ஓரிடத்தில் தரையைக் குவித்துப் பூட்டிக் காத்திருப்பது மேல் (தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான்!).

பேராசிரியர் இன்னொரு கல்லைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அதற்கு இன்னும் பெயிண்டு பூசவில்லையாம். தேர்வு முடிந்த முதல் ஞாயிறன்று காலை ஏழு மணிக்குப் போகிறோம். வருவோர் ஒரு பழைய துடைப்பமும் குடிதண்ணீரும் கொண்டு வரவும்.