20,000 ட்ரில்லியன் எறும்புகள்: யார் எண்ணினார்கள்?

உலகில் 20,000 ட்ரில்லியன் எறும்புகள் வாழ்கின்றனவாம். 20 என்று எழுதி, பின்னால் 15 பூச்சியம் போட வேண்டும். ஆளுக்குப் பங்கு பிரித்தால் ஒருவருக்கு 25 இலட்சம் எறும்புகள் வரும். இதை முதலில் வாசித்தபோது எனக்கு வியப்பைவிடச் சந்தேகம்தான் வந்தது. யார் எண்ணினார்கள்? எங்கே எண்ணினார்கள்? ஒரு தொகையைக் கண்டால் இப்படிக் கேட்பது ஊடகக் கற்கை தந்த பழக்கம் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் வன்னியைப் பற்றி எழுதத் தொடங்கிய பிறகுதான் அது பழக்கமானது.

இதற்கு முன் சொல்லப்பட்ட தொகை 10,000 ட்ரில்லியன். பிரித்தானியப் பூச்சியியலாளர் வில்லியம்ஸ், உலகில் 10 இலட்சம் ட்ரில்லியன் பூச்சிகள் இருக்கலாம் என்று கணித்திருந்தார். அதில் எறும்பு ஒரு வீதம் என்று வைத்து ஹோல்டொப்லரும் வில்சனும் 1994இல் அந்த எண்ணைத் தந்தார்கள். ஊகத்தின் மேல் இன்னொரு ஊகம்.

2022இல் வெளியான ஆய்வு வேறு வழியில் போனது. ஹொங்கொங், ஜேர்மனி ஆகிய இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், வெவ்வேறு நாடுகளில் ஏற்கெனவே செய்யப்பட்ட 489 கள ஆய்வுகளைத் தேடித் திரட்டினார்கள். அந்தக் கள வேலை மிக எளிமையானது. ஒரு கோப்பையை அதன் விளிம்பு நிலமட்டத்தோடு வரும்படி புதைத்து விடுவார்கள். நடந்து போகும் எறும்பு உள்ளே விழும். அல்லது ஒரு சதுர மீற்றர் நிலத்துச் சருகை அள்ளி, அரித்து, துணிப்பையில் தொங்கவிடுவார்கள். சருகு காயக் காய எறும்புகள் வெளியேறி, அடியிலுள்ள மதுசாரத்தில் விழும். பிறகு ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதுதான். காடு, புல்வெளி, பாலைவனம் என்று பிரித்து, அந்தந்த நிலப்பரப்பால் பெருக்கினார்கள். எல்லா எறும்புகளிலும் உள்ள காபனின் நிறை மட்டும் 12 மில்லியன் தொன். காட்டுப் பறவைகளையும் காட்டுப் பாலூட்டிகளையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

இந்தத் தொகை குறைந்தபட்சக் கணக்கு என்று அவர்களே சொல்கிறார்கள். மண்ணுக்கடியில் வாழ்பவற்றுக்குப் போதிய தரவு இல்லை. மாமரத்தில் இலையைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு நிலத்துக் கோப்பைக்குள் விழுவதும் அரிது. மத்திய ஆபிரிக்காவில் மாதிரிகள் குறைவு. வாசிக்கும்போது எனக்கு முகமாலைப் பக்கம் நினைவுக்கு வந்தது. கண்ணிவெடி இருக்கும் நிலத்தில் எந்த ஆய்வாளரும் கோப்பை புதைக்கக் குழி தோண்டப் போவதில்லை.

எறும்பையும் மனிதரையும் நான் ஒப்பிடவில்லை. மதிப்பீடு என்ற சொல்லைப் பற்றித்தான் சொல்கிறேன். இறுதிப் போரில் 40,000 வரையான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. அடுத்த ஆண்டு ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு, 70,000க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்ற தகவலைப் பதிந்தது. “அது வெறும் மதிப்பீடுதானே” என்று இவற்றைத் தட்டிவிடுவதை நாங்கள் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! எங்கே அளந்தோம், எப்படிப் பெருக்கினோம், எதை அளக்க முடியவில்லை என்று திறந்து வைக்கும் மதிப்பீட்டை அப்படித் தட்ட முடியாது. பிழை இருந்தால் காட்டித் திருத்த வேண்டும். தவிர, எறும்பைப் பெயர் சொல்லி எண்ண முடியாது, அதனால்தான் மாதிரி எடுக்கிறார்கள். மனிதருக்குப் பெயர் இருக்கிறது, குடும்ப அட்டை இருக்கிறது, இன்னமும் படத்தோடு தெருவில் இருக்கும் தாய் இருக்கிறார்.

எறும்பு மண்ணைக் கிளறுகிறது, விதையைக் காவிச் செல்கிறது. ஆனால் இந்த 20,000 ட்ரில்லியன் கூடுகிறதா, குறைகிறதா என்று ஒரு தடவை எண்ணியதை வைத்துச் சொல்ல முடியாது. அதை அறிய, அதே இடங்களில் அதே விதமாகக் கோப்பை புதைத்து, சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் எண்ண வேண்டும்.