எந்திரம் நின்றாலும் தவணை நிற்பதில்லை
ராஜ்கோட்டிலோ லூதியானாவிலோ கடனில் வாங்கிய லேத் எந்திரம் பழுதானால் உற்பத்தி நிற்கும், தவணை நிற்பதில்லை. நிலுவை 90 நாள்களுக்கு மேல் நீடித்தால் அக்கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். ஆகவே, கடன் வழங்கும் நாங்கள் பேரிங்கைப் பற்றியும் பேச வேண்டியுள்ளது.

கிரீஸ் குறைந்தால் பேரிங் தேயும் என்பது யாவரும் அறிந்ததே. அளவு மிகுந்தாலும் சூடேறிக் கெடும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. மோட்டாரின் சூடு உரிய வரம்புக்கு மேல் 10 டிகிரி செல்சியஸ் கூடினால், சுருளின் மின்காப்பு ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. விசிறி மூடியில் படிந்த தூசியைத் துடைக்கச் செலவேது?

எந்திரப் பழுதுக் காப்பீடு இருக்கிறதே எனலாம். இயல்பான தேய்மானத்துக்கு அது இழப்பீடு தருவதில்லை. கிரீஸ் இட்ட நாள், அளவு, மோட்டாரின் சூடு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவருமாறு வேண்டுகிறோம். ஆய்வுக்கு வரும்போது சரக்கிருப்பு அறிக்கையுடன் அதனையும் விரும்பிப் பார்ப்போம்.