மாதிரி ரயில்: அழகு கூடியது, ஆயுள் கூடியதா?

மாதிரி ரயில் சேகரிப்பவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. அந்தக் காலத்து எஞ்சின்தான் எஞ்சின் என்பார் ஒருவர். இன்றைய எஞ்சினில் ஆணித்தலையைக்கூட எண்ணிவிடலாம் என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தோற்றம், ஓட்டம், உழைப்பு, பழுதுபார்க்கும் வசதி ஆகிய நான்கும் ஒரே சீராக உயரவில்லை. பிரிட்டனின் ஹார்ன்பி ரயில்களே இதற்குச் சான்று.

தகரமும் வார்ப்பும்

மெக்கானோ என்ற கட்டுமான விளையாட்டுப் பொருளை உருவாக்கிய ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் லிவர்பூலிலிருந்து விற்பனைக்கு அனுப்பியவை, சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில்கள். நிஜ எஞ்சினின் சாயல் குறைவு. ஆனால் பிள்ளைகள் கையில் அடிபட்டும் ஓடின. 1938-இல் வந்த ‘ஹார்ன்பி டப்லோ’ அளவில் சிறியது: 16.5 மி.மீ. அகலத் தண்டவாளம், துத்தநாகக் கலவையில் வார்த்த எஞ்சின். எடை இருந்ததால் சக்கரம் வழுக்காமல் பெட்டிகளை இழுத்தது.

ஆனால் அந்தக் கலவையில் ஈயம் சிறிதளவு சேர்ந்தாலே போதும். காலப்போக்கில் வார்ப்பு உப்பி, விரிசல் விட்டு, பொடிந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புகள் பல அப்படித்தான் போயின. தப்பிப் பிழைத்தவை மட்டுமே இன்று கண்ணில் படுவதால், பழையவை எல்லாமே உறுதியானவை என்று தோன்றுகிறது.

பிளாஸ்டிக்கும் கூலியும்

போருக்குப் பிறகு டிரையாங் ரயில்கள் பிளாஸ்டிக்கில் மலிவாக வந்தன. அதன் தாய் நிறுவனமான லைன்ஸ் பிரதர்ஸ் 1964-இல், ஹார்ன்பி ரயில்களைத் தயாரித்த மெக்கானோ நிறுவனத்தையே வாங்கிவிட்டது. தயாரிப்பு மார்கேட் நகருக்குப் போனது. பிளாஸ்டிக்கில் நுணுக்கமான வடிவங்களை எடுக்க முடியும். ஆனாலும் கைப்பிடிக் கம்பி, குழாய் எல்லாம் பெரும்பாலும் உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்டன. ஒவ்வொன்றையும் தனியாகப் பொருத்த, பிரிட்டிஷ் கூலி கட்டுப்படியாகவில்லை.

1990-களின் பிற்பகுதியில் உற்பத்தி சீனாவுக்கு மாறியதும் கணக்கு மாறியது. கூலி குறைந்ததால் நுண்பாகங்களைக் கையால் பொருத்த முடிந்தது. நல்ல மோட்டாரும் சுழல்சக்கரமும் சேர, எஞ்சின் ஊர்ந்து செல்லவும் பழகியது. டிஜிட்டல் சிப், ஒரே தண்டவாளத்தில் நிற்கும் எஞ்சின்களைத் தனித்தனியே இயக்க வழிசெய்தது.

இழந்தது என்ன?

மெல்லிய கம்பிகள் கை பட்டாலே உடைகின்றன. பழைய எஞ்சினை ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சொட்டு எண்ணெயும் வைத்து வீட்டிலேயே சரிசெய்யலாம். கார்பன் பிரஷ் மாற்றினால் மறுபடி ஓடும். இப்போதோ ஒரு மாடலை ஒரு தொகுதி தயாரித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். பிறகு உதிரிபாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஈயக் கலப்பால் வந்த பழைய கோளாறும் சில புதிய மாடல்களின் அடிச்சட்டத்தில் தலைகாட்டியது.

தொழிற்சாலை சொந்தமாக இல்லாததும் ஒரு சிக்கல். ஹார்ன்பிக்குத் தயாரித்துக் கொடுத்த சாண்டா கான் நிறுவனத்தை, போட்டியாளரான பாக்மனின் உரிமையாளர் கேடர் வாங்கியது. பின்னர் ஹார்ன்பிக்குச் சரக்கு வருவது தாமதமாகி, விற்பனையே அடிவாங்கியது.

ஆக, அலமாரியில் வைத்து ரசிக்க இன்றைய எஞ்சினுக்கு ஈடில்லை. பிள்ளைகள் கையில் கொடுக்கப் பழைய, எளிய எஞ்சினே மேல். எதை வாங்கினாலும் அடிச்சட்டத்தில் விரிசல் இருக்கிறதா, உதிரிபாகம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயின்ட்டின் பளபளப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.