துர்கம் செருவும் வெங்காயத்தாமரையும்

ஹைதராபாத்தில் மாதாப்பூருக்கும் ஜூபிலி ஹில்ஸுக்கும் இடையே பாறைக்குன்றுகள் சூழ அமைந்துள்ள துர்கம் செருவு, குதுப்ஷாஹி மன்னர்கள் காலத்தில் கோல்கொண்டா கோட்டைக்குக் குடிநீர் அளித்த ஏரி. 2020ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கம்பிவடப் பாலத்தால் இன்று பெயர்பெற்றிருக்கும் இந்நீர்ப்பரப்பில் வெங்காயத்தாமரை படர்வதும், அகற்றப்படுவதும், மீண்டும் தழைப்பதும் பலமுறை நிகழ்ந்துள்ளன. இத்தனை வலிமை அச்செடிக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிய, நீரில் வாழ்வதற்குத் தாவரங்கள் பெற்றுள்ள தகவமைப்புகளை, அதாவது சூழலுக்கு ஏற்ப அமைந்த உடற்கூறுகளை, அறிய வேண்டும்.

நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைக் காட்டிலும் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு என்பதால், நீர்த்தாவரங்களுக்கு மூச்சே முதல் இடர். இதனை வெல்ல அவற்றின் தண்டிலும் காம்பிலும் காற்றறைத் திசு, அதாவது இடையிடையே காற்று நிறைந்த அறைகளைக் கொண்ட திசு, அமைந்துள்ளது. தாமரையில் இலையின் மேற்புறத்தில் மட்டுமே உள்ள இலைத்துளைகள் வழியாக நுழையும் காற்று, காம்பிலுள்ள நீண்ட குழல்கள் வழியே இறங்கி, சேற்றில் புதைந்த கிழங்குவரை சென்றடைகிறது. முழுவதும் நீரில் மூழ்கி வாழும் வேலம்பாசியோ இலைத்துளைகளே இல்லாமல், இரண்டே செல் அடுக்குகள் கொண்ட மெல்லிய இலைகளின் புறப்பரப்பு வழியாகவே கரைந்த வாயுக்களையும் உப்புகளையும் உறிஞ்சுகிறது. உடலை நீரே தாங்குவதால் உறுதிதரும் திசுக்கள் அதற்குப் பெரிதும் தேவைப்படவில்லை, ஆகவே வெளியே எடுத்ததும் துவண்டு விழுகிறது.

தென் அமெரிக்காவின் அமேசான் படுகையைத் தாயகமாகக் கொண்ட வெங்காயத்தாமரை, வெங்காயம்போல் உப்பிய இலைக்காம்பில் காற்றை அடைத்துக்கொண்டு மிதக்கிறது. மண்ணைப் பற்றாமல் தொங்கும் அதன் இறகு போன்ற வேர்கள், கழிவுநீர் கொண்டுவரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் நீரிலிருந்தே நேராக உறிஞ்சுகின்றன. பக்கவாட்டில் நீளும் ஓடுதண்டு ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு புதுச்செடி தோன்றுவதால், ஏற்ற சூழலில் இரண்டே வாரங்களில் அதன் பரப்பு இருமடங்காகலாம். சேற்றில் படியும் விதைகளோ இருபது ஆண்டுகள்வரைகூட முளைக்கும் திறனை இழப்பதில்லை. இச்செடிப் படர்வின் நிழலில் வேலம்பாசி போன்ற மூழ்கிய செடிகள் ஒளியின்றி மடிய, நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்களும் இறக்கின்றன என்பதுதான் பெருந்துயரம்.

எந்திரத்தால் செடியை அள்ளுவது தேவையே, ஆயினும் அது போதாது. சத்து மிகுந்த கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஏரியை அடைந்துகொண்டிருக்கும்வரை வெங்காயத்தாமரை திரும்பத் திரும்ப முளைக்கும். முதலில் அடைக்கப்பட வேண்டியது அக்கழிவுநீர் வரும் வழிதான்.